சுவரைப் பார்த்து நின்ற அந்தோனியார்

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அது தொடங்கியது. சோற்றுப் பானையை இறக்கிவிட்டு, பேருந்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்க்கத்தான் கைபேசியை எடுத்தேன். நேரத்துக்குக் கீழே ஒரு படம் வந்து கிடந்தது. எங்கள் சந்தியிலுள்ள அந்தோனியார் கூட்டின் படம். கூடு என்றால் வீதியோரம் ஆள் உயரத்துக்குச் சீமெந்தால் கட்டி, முன்னால் கண்ணாடி போட்ட சின்ன மாடம். அதற்குள் புனிதர் வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். படத்தின் கீழே, "இது ஆர் செய்த வேலை எண்டு எங்களுக்குத் தெரியும்" என்று எழுதியிருந்தது.

ஊருக்குள் தண்ணீர் வராத நாளையும் மின்சாரம் நிற்கும் நேரத்தையும் சொல்வதற்காகத் தொடங்கிய வட்ஸ்அப் குழு அது. பிரதேச சபைத் தேர்தல் அறிவித்த பிறகு அதில் தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மன்னார்ப் பட்டினத்திலிருந்து தோட்டவெளிப் பக்கம் போகும் வீதியில் இருக்கிறது எங்கள் சந்தி. வீதிக்கு ஒரு பக்கம் பெரும்பாலும் கத்தோலிக்கர். மறுபக்கம் எங்கள் முஸ்லிம் ஆட்கள்; எங்கள் வீடு மட்டும் கத்தோலிக்கப் பக்கத்தில் ஓர் ஒழுங்கை மூலையில் இருக்கிறது. நடுவில் அடி பருத்த ஒரு பெருக்க மரம் நிற்கிறது. அரபு வணிகர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம் என்று நான் பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ஊர்ச்சனம் வேறு மாதிரிச் சொல்லும். அதற்குள் ஒரு போர்த்துக்கேயச் சிப்பாயின் ஆவி இருக்கிறது என்பார்கள் கத்தோலிக்கர். ஜின் இருக்கிறது என்பார்கள் எங்கள் ஆட்கள். பெருநிலத்திலிருந்து நெல் கொண்டுவரும் சைவ ஆட்கள் முனி என்பார்கள். பொழுதுபட்ட பிறகு மூன்று பகுதியினரும் அதன் கீழ் சிறுநீர் கழிக்க மாட்டார்கள். ஒற்றுமை என்று எங்கள் சந்தியில் நான் கண்டது ஏறக்குறைய அவ்வளவுதான்.

மேடைகளில் வேறு மாதிரிப் பேசுவார்கள். பெருநாளுக்கு இங்கிருந்து வட்டிலப்பம் அங்கே போவதையும், நத்தாருக்கு அங்கிருந்து கேக் இங்கே வருவதையும் சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள். வட்டிலப்பமும் கேக்கும் போய்வந்தது உண்மைதான். ஆனால் கிண்ணத்தை வாங்குகிறவர்கள் அதில் என்ன இருக்கிறது என்று மூடியைத் திறந்து ஒருமுறை மணந்து பார்ப்பார்கள். நானும் மணந்து பார்த்திருக்கிறேன்.

வீதியில் ஒலிபெருக்கி கேட்டால் இன்றைக்கும் நான் கையிலுள்ளதை வைத்துவிட்டு வாசலுக்குப் போய்க் காது கொடுப்பேன். தொண்ணூறாம் ஆண்டில் முஸ்லிம்கள் எல்லோரும் மன்னார்த் தீவை விட்டுப் போக வேண்டும் என்று ஆயுதம் தூக்கிய இயக்கத்தினர் ஒலிபெருக்கியில்தான் சொன்னார்கள். அப்போது நான் சிறுமி. கற்பிட்டிக்கு வள்ளத்தில் போனதும், புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்து படித்ததும், திரும்பிவந்து இடிந்த சுவரிலிருந்து வீட்டைக் கட்டியதும் நீண்ட கதை. அதை இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் யாராவது "உங்கட ஆக்கள்" என்று பேச்சைத் தொடங்கினால், சான்றிதழ்கள் எந்த அலுமாரியில் இருக்கின்றன என்று என் மனம் தானாகத் தேடத் தொடங்கிவிடும். என் கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். வீட்டில் நானும் மகளும் மட்டும்தான். அவள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த திங்கட்கிழமை பரீட்சை.

பேருந்துக்காகச் சந்திக்குப் போனபோது கூட்டைச் சுற்றிச் சனம் நின்றது. அதன் முன்கண்ணாடி சோளகக் காற்றில் ஒரு தகரம் பறந்துவந்து அடித்ததில் உடைந்திருந்தது. யார் பணத்தில் புதுக் கண்ணாடி போடுவது என்று கோயில் ஆட்கள் முடிவெடுக்காததால் அது அப்படியே கிடந்தது. இப்போது அந்த உடைவுக்குள் புனிதரின் முதுகு தெரிந்தது. முன்பக்கம் மண்ணிற அங்கிக்கு எவ்வளவு அழகாக வர்ணம் பூசியிருந்தார்களோ, பின்பக்கம் அவ்வளவு வெறுமையாக இருந்தது. சுரூபத்தின் முதுகு வெறும் வெள்ளைச் சாந்து.

"தொடாதேங்கோ! ஒருத்தரும் திருப்பக் கூடாது. பொலிஸ் வந்து பாக்கட்டும்," என்றார் சீமெந்துக் கடைக்காரர். சந்தியில் கட்டடப் பொருள் விற்கிறவர் அவர். சபைத் தேர்தலில் நிற்கிறார்.

"பின்பக்கத்துக்கு பெயின்ற் அடிக்கேல்லப் பார்," என்றான் ஒரு பொடியன்.

"உனக்கு இப்ப பெயின்ற்தான் பிரச்சினையோ?"

"பாங்குச் சத்தம் தாங்கேலாமல் அவரே திரும்பியிட்டார் போல," என்றான் இன்னொருவன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னைக் கண்டதும் நின்றது. நின்றதுதான் என்னைப் பயப்படுத்தியது.

சீமெந்துக் கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். வீடு கட்டியபோது அவரிடம்தான் சீமெந்து எடுத்தோம். "ரீச்சர், வித்தியாசமா நினையாதேங்கோ. உங்கட ஆக்களிட்டச் சொல்லி வையுங்கோ. சுரூபத்துக்குக் கை நீளாது. எங்களுக்கு நீளும்."

பேருந்து வந்தது, ஏறினேன். எங்கள் பக்கத்துப் பொடியன்களில் எவனோதான் செய்திருப்பான் என்று நானும் நினைத்தேன். யாருடைய மகன் என்றுகூட மனதுக்குள் ஒருவனைக் குறித்துவைத்தேன்.

இடைவேளையில் ஆசிரியர் அறையில் எல்லோருடைய கைபேசிகளும் ஒரே நேரத்தில் சத்தமிட்டன. சீமெந்துக் கடையின் வாசல் கமராவில் பதிந்த காட்சி. முந்திய நாள் பொழுதுபடுகிற நேரம். கறுப்பு அபாயா போட்ட ஒரு பெண் தோளில் பையோடு கூட்டின் முன் நிற்கிறாள். வீதியின் இரு பக்கமும் பார்க்கிறாள். உடைந்த கண்ணாடிக்குள் இரண்டு கைகளையும் விட்டு, தொட்டிலிலிருந்து குழந்தையைத் தூக்குகிற மாதிரிச் சுரூபத்தைத் தூக்கி, திருப்பி வைக்கிறாள். பிறகு ஓடவில்லை. சிறிது நேரம் நிற்கிறாள். வாய் அசைகிறது போலிருக்கிறது.

"முகம் தெரியேல்லத்தானே," என்று ஒரு ஆசிரியை சொன்னார்.

"முகம் எதுக்கு? உடுப்புத் தெரியுதே," என்றார் மற்றவர். சொன்ன பிறகுதான் நான் அந்த அறையில் இருப்பது அவருக்கு நினைவு வந்தது. "உங்களைச் சொல்லேல்ல ரீச்சர்."

எனக்கு முகமும் தேவைப்படவில்லை, உடுப்பும் தேவைப்படவில்லை. அவள் திரும்பி நடந்தபோது இடது செருப்பு நிலத்தில் தேய்ந்தது. நடக்கப் பழகிய காலத்திலிருந்து "காலைத் தூக்கி நட" என்று நான் கத்திக்கொண்டிருக்கிற அதே கால்.

அரைநாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். மகள் மேசையில் விலங்கியல் குறிப்புகளைப் பரப்பி வைத்திருந்தாள். கைபேசியை அவள் முன்னால் வைத்தேன். பார்த்தாள்.

"இத யாரு எடுத்த?"

"அதுவா இப்ப கேள்வி? எதுக்குச் செஞ்ச?"

கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். அடையாள அட்டை தொலைந்துவிட்டது. பரீட்சை மண்டபத்தில் அதைக் காட்ட வேண்டும். முந்திய வாரம் பெருநிலத்தில் நடந்த கருத்தரங்குக்குப் போய் வரும்போது, பாலத்தடியில் இராணுவத்தினர் பேருந்தை மறித்து அட்டை பார்த்திருக்கிறார்கள். அங்கே காட்டியது நினைவிருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது பையில் இல்லை.

"எங்கிட்டச் சொல்ல ஏலாதா? கிராம சேவையாளர்க்கிட்டப் போய்க் கடிதம் எடுத்திருக்கலாமே!"

"சொன்னா நீங்க படுத்திருப்பீங்க உம்மா. போன முறை என்ட பிறப்புச் சான்றிதழ் ரெண்டு நாள் காணாமப் போனதுக்கு உங்களுக்குச் சேலைன் ஏத்தினது."

அது உண்மைதான். ஊரைவிட்டு ஒருமுறை துரத்தப்பட்டவளுக்கு ஒரு கடதாசி காணாமற்போவது வெறும் கடதாசி காணாமற்போவது அல்ல. மகளுக்கு அதை நான் விளக்கியதில்லை. பயத்தை மட்டும் கொடுத்திருந்தேன்.

"அதுக்கும் அந்தோனியாருக்கும் என்ன?"

பக்கத்து வீட்டுப் பிள்ளை, அவளோடு ஒரே வகுப்பில் படிக்கிற கத்தோலிக்கப் பிள்ளை, சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஏதும் தொலைந்தால் அந்தோனியார் சுரூபத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்க வேண்டும். தேடித் தரும்வரை அவர் அப்படித்தான் நிற்க வேண்டும். கிடைத்த பிறகு திருப்பிவைத்து மெழுகுதிரி ஏற்ற வேண்டும்.

"எல்லாரும் வீட்டில உள்ளதத்தான் திருப்புறாங்களாம். எங்கட வீட்டில அவர் இல்லத்தானே உம்மா."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு துளி குற்றவுணர்வும் இல்லை. வீட்டில் இல்லாத மண்வெட்டியைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது மாதிரிச் சொன்னாள். அவளுடைய குறிப்புகளை ஒரு பக்கம் தள்ளினேன். "உயிரியல் படிக்கிறாய். டொக்டராகப் போறாய். சாந்துப் பொம்மை உனக்கு அட்டை தேடித் தருமா?"

"நீங்க சோதினைக்குப் பேனைய ஓதி ஊதித் தாறீங்கதானே."

"அதுவும் இதுவும் ஒண்டா?"

"எனக்குத் தெரியா உம்மா. எனக்கு அட்டை வேணும். அவ்வளவுதான் நினைச்ச."

அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. அதுதான் என் தலைக்குள் சுழன்றது. மதத்தை அவமதித்ததாக ஒரு முறைப்பாடு போனால் அவளைச் சிறுபிள்ளை என்று விடமாட்டார்கள். பொலிஸ் வரும், நீதிமன்றம் வரும், சிறை வரும். திங்கட்கிழமை மண்டபத்தில் அவளுடைய கதிரை வெறுமையாக இருக்கும். அதற்குப் பிறகு எந்தச் சந்தியில் போய் நின்றாலும் "அந்தச் சுரூபத்தைத் திருப்பினவள்" என்ற பெயர்தான் முன்னால் நடக்கும்.

ஒருவர் உண்மையைச் சொன்னால் போதும் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்களுக்கு நடுவில் ஒரு தகர வேலி மட்டும்தான். அவருடைய அந்தோனியார் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் நிற்பார். தோடு தொலைந்தபோது சுவரைப் பார்த்து நின்றிருக்கிறார். மகனுக்கு விசா வராதபோது அரிசித் தகரத்துக்குள் தலைகீழாக இருந்திருக்கிறார். "கிடக்கட்டும், மூச்சு முட்டினால்தான் வேலை செய்வார்" என்று அக்கா சொல்ல, நாங்கள் இருவரும் வயிறு நோகச் சிரித்த நாளும் உண்டு. வழக்கம் என்னவென்று அவருக்குத் தெரியும். அவமதிப்பு அல்ல என்று அவர் சொன்னால் அவருடைய ஆட்கள் கேட்பார்கள்.

வேலியடியில் நின்று கூப்பிட்டேன். காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டிருந்தவர் வந்தார். ஆனால் வழக்கமாக நிற்கிற இடத்துக்கு வரவில்லை. இரண்டு அடி தள்ளி நின்றார்.

"பாத்தனான்," என்றார், நான் வாய் திறக்க முன்பே. "காலை இழுத்து நடக்கேக்கையே விளங்கியிட்டுது."

"அப்ப உங்களுக்குத் தெரியுந்தானே அக்கா, பிள்ளை எதுக்குச் செஞ்சதெண்டு. உங்கட மகள்தான்…"

"என்ர மகளின்ர கதையை எடுக்காதேங்கோ." குரல் தாழ்ந்தது, ஆனால் கூர்மையாக வந்தது. "பங்குச் சுவாமி போன மாதம்தான் பிரசங்கத்தில ஏசினவர். சுரூபத்தைக் கவிழ்க்கிறது, திருப்புறது எல்லாம் மூடத்தனமாம், பாவமாம். இவள்தான் சொல்லிக் குடுத்தவள் எண்டு வெளிய வந்தால் அவளுக்கும் திங்கக்கிழமை சோதினைதானே?"

"பேர் சொல்ல வேணாம். இப்பிடி ஒரு வழக்கம் இருக்கு எண்டு மட்டும் சொல்லுங்க."

"என்ர மனிசன் அந்தச் சீமெந்துக் கடையில லொறி ஓடுறார், தங்கச்சி. முதலாளி தேர்தல் கேக்கிறார். நான் எந்த வாயால சொல்ல?"

அவர் துணியை மடித்தார், பிறகு பிரித்தார். போகப் போகிறார் என்று நினைத்தபோது திரும்பினார்.

"ஒண்டு சொல்லட்டே? உங்களோட எனக்குக் கோவம் இல்லை. ஆனால் எங்களிட்ட ஒரு வார்த்தை கேக்காமல் எங்கட ஆளில ஏன் கை வைச்சவள்?"

இவ்வளவு காலமும் அவர் வீட்டில் நான் பார்த்துச் சிரித்த அந்தோனியார் அந்த நிமிடத்தில் அவர்களுடைய ஆளாகிவிட்டார். நானும் மகளும் மறுபக்கத்து ஆட்களாகிவிட்டோம். அதற்குப் பிறகு அந்த வேலியடியில் நாங்கள் நின்று பேசியதில்லை.

அஸர் தொழுகை முடிந்ததும் கணவரின் மூத்த சகோதரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறவர். மச்சான் என்று கூப்பிடுவேன், ஆனால் அவர் முன்னால் நான் கதிரையில் இருப்பதில்லை. அவரும் காட்சியைப் பார்த்திருந்தார். எங்கள் பிள்ளை என்று அவருக்கும் தெரிந்திருந்தது. நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது. நான் நினைத்த இடத்தில் அல்ல, வேறொரு இடத்தில்.

"சிலைக்கிட்டக் கேட்டிருக்காளா?"

"அட்டை கிடைக்கணும் எண்டுதான்…"

"அட்டையாவது மட்டையாவது! கேட்டாளா, இல்லையா?" எழும்பிவிட்டார். "இத எங்கயும் வாய் விடாதீங்க. துடைக்கப் போனாள், கை தட்டித் திரும்பிட்டு எண்டு சொல்லுங்க. ஏன், உடைக்கப் போனாள் எண்டு சொன்னாலும் பரவாயில்ல, பேசித் தீர்க்கலாம். கேக்கப் போனாள் எண்டு மட்டும் சொல்லாதீங்க."

"உடைக்கப் போனாள் எண்டா பொலிசுல போடுவாங்க மச்சான்!"

"கேக்கப் போனாள் எண்டா எவன் அவளைப் பொண் கேட்டு வருவான்? சிர்க் எண்டா என்னெண்டு ரீச்சருக்குத் தெரியுமா? அல்லாஹ்வுக்கு இணை வைக்கிறது. அதவிடப் பெரிய பாவம் இல்ல. பள்ளியில நான் தலைகாட்ட ஏலுமா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "போன வருசம் உங்கட முழங்கால் வலிக்கு மச்சி அவுலியா அடங்கின சியாரத்துக்கு எண்ணெயும் பச்சைக் கொடியும் அனுப்பினவ. அது என்ன மச்சான்?"

"அத அவகிட்டக் கேளுங்க. நான் அனுப்பச் சொல்லல்ல."

"அங்க ஓதி வந்த எண்ணெயப் பூசினது நீங்கதானே?"

அவர் கட்டாரில் இருக்கிற தம்பிக்கு அழைப்பெடுத்து, கைபேசியை என் கையில் தந்தார். மூத்தவர் சொல்வதைக் கேள் என்றார் என் கணவர். கைபேசியை மச்சானிடம் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது என் நிலை தெளிவாக இருந்தது. உண்மையைச் சொன்னால் எங்கள் ஆட்கள் மகளைத் தள்ளுவார்கள். பொய்யைச் சொன்னால் அவர்களுடைய ஆட்கள் அவளை உள்ளே போடுவார்கள். இரண்டு பக்கத்திலும், அட்டை கிடைத்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த நடையை வேறு யாரோவும் அடையாளம் கண்டிருக்க வேண்டும்; பொழுதுபடுகிற மஃரிப் தொழுகைக்கு முன்பே வந்துவிட்டார்கள். முதலில் ஒலிபெருக்கி கட்டிய தேர்தல் ஆட்டோ எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியது. அதில் பாட்டுத்தான் போனது, ஆனால் பாட்டுக்கு நடுவில் வேறு ஏதும் சொல்கிறார்களா என்று காது கொடுத்தேன். அதன் பின்னால் நடந்து வந்தார்கள். எங்கள் வாசல் அந்த ஒழுங்கையும் வீதியும் சந்திக்கிற மூலையில் இருப்பதால், சனம் வீதிவரை நிரம்பிவிட்டது. வீதிக்கு அந்தப் பக்கம் எங்கள் பொடியன்கள் கூடி நின்றார்கள். ஊருக்குள் கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகள் இரண்டு நடுவில் அகப்பட்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றன.

சீமெந்துக் கடைக்காரர் கேற்றுக்கு வெளியே நின்றார். மரியாதையாகத்தான் பேசினார். "ரீச்சர், நாங்கள் சண்டைக்கு வரேல்ல. பிள்ளை சந்திக்கு வரட்டும். எல்லாருக்கும் முன்னால சுரூபத்தைத் தன்ர கையால திருப்பி வைக்கட்டும். மன்னிப்புக் கேக்கட்டும். வீடியோ எடுப்பம். அதோட முடிஞ்சுது. இல்லையெண்டால் இப்பவே பொலிசுக்கு எடுக்கிறன்."

"எங்கட புள்ள சிலையத் தொட வரமாட்டா!" என்று வீதிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

"நேற்றுத் தொடேக்க கை சுடேல்லையோ?"

"உங்கட சாமிக்குத் திரும்பி நிக்க ஏலாட்டி அது எங்கட பிழையா?"

"வாயைப் பொத்தடா! புத்தளத்துக்குப் போற பஸ் இன்னும் ஓடுது."

அந்தக் கடைசி வசனத்தைச் சொன்னவனுக்கு இருபது வயதுகூட இராது. எங்களைத் துரத்தியபோது அவன் பிறந்திருக்கவில்லை. யார் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று இன்னும் யோசிக்கிறேன். கூட்டத்தில் ஒருவரும் அவனை அதட்டவில்லை.

மச்சான் என் பக்கத்தில் நின்று, "துடைக்கப் போனாள், துடைக்கப் போனாள் எண்டு சொல்லுங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதற்குள் மகள் வெளியே வந்துவிட்டாள். அறைக்குள் பூட்டி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன், ஆனால் அந்தக் கதவின் பூட்டு எப்போதும் சரியாகக் கொழுவாது.

கேற்றடியில் வந்து நின்றாள். தலையில் ஸ்காப் சரியாகக் கட்டியிருந்தது. அழவில்லை.

"நான் அவமதிக்கல்ல. என்ட ஐடென்ரிக்காட் தொலைஞ்சிட்டு. திருப்பி வைச்சாத் தேடித் தருவார் எண்டாங்க. அதுதான் திருப்பி வைச்ச. கிடைச்ச உடன திரும்ப வைக்கத்தான் இருந்த." கொஞ்சம் நிறுத்தி, "மெழுகுதிரியும் வாங்கி வைச்சிருக்கன்," என்றாள்.

கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெண் சிரித்துவிட்டார். மீன் சந்தையில் வியாபாரம் செய்கிறவர். "ஐயோ, என்ர மாதாவே! இதுக்கே இவ்வளவும்? என்ர வீட்டிலயும் அவர் இப்ப சுவரைப் பாத்துக்கொண்டுதான் நிக்கிறார். தராசுக் கல்லைக் காணேல்ல…"

"அம்மா, வாயை மூடிக்கொண்டு வீட்ட போங்கோ!" அது அவருடைய மகன்.

"என்னடா, உள்ளதைச் சொன்னால்?"

"போங்கோ எண்டுறன்!"

சீமெந்துக் கடைக்காரரின் முகம் இறுகியது. "நாங்கள் திருப்புறது எங்களுக்கும் அவருக்கும் உள்ள கொழுவல். நாளைக்கு நான் போய்ப் பள்ளிவாசல் கோபுரத்தைத் திருப்பி வைச்சால் நீங்கள் சிரிப்பியளோ, ரீச்சர்?"

பக்கத்து வீட்டு அக்கா தகர வேலிக்கு மேலால் தலை மட்டும் தெரிய நின்றார். அவரைப் பார்த்தேன். அவர் கண்ணை எடுத்துக்கொண்டார். அவருடைய மகள் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றாள். திரை ஆடியது.

வீதிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது இன்னும் மோசமாக இருந்தது. "தூ! முஸ்லிம் பொம்பிளையா இவ? சிலைக்கு மெழுகுதிரி வாங்கி வைச்சிருக்காளாம்!" இவ்வளவு நேரமும் அவளுக்காகக் கத்திய அதே குரல்தான். மச்சான் என்னைப் பார்க்கவில்லை. மோட்டார் சைக்கிளின் சாவியைத் தேடினார். சட்டைப்பையில் தேடினார், பிறகு மற்றப் பையில் தேடினார். அவருக்கு அது கிடைக்கவில்லை.

"சரி, நான் கதைக்கிறன்," என்று சீமெந்துக் கடைக்காரர் கைபேசியைக் காதில் வைத்தார். "ஹலோ, ஸ்டேசனே?" நான் மகளின் முழங்கையைப் பிடித்தேன். அவள் வலியில் கையை உதறினாள், ஆனால் நான் விடவில்லை. அவளை எந்த அறைக்குள் இழுத்துக்கொண்டு போவது, எந்தக் கதவைச் சாத்துவது, அலுமாரியில் எதை எடுப்பது என்று மனம் ஓடியது. ஒரு வள்ளம் எங்கே பிடிக்கலாம் என்றுகூட ஓடியது.

அப்போது வீதியில் பேருந்து ஒன்று விடாமல் ஹோர்ன் அடித்தது. பெருநிலத்திலுள்ள இலுப்பைக்கடவைப் பக்கமிருந்து பட்டினத்துக்கு வந்து, எங்கள் வீதியால் கடைசிப் பயணம் போகிற தனியார் பேருந்து. சனம் மறித்து நின்றதால் போக முடியவில்லை. மிதிபலகையிலிருந்து கண்டக்டர் குதித்தார். நெற்றியில் திருநீறும் தோளில் பணப்பையுமாக, "விலகுங்கோ, விலகுங்கோ" என்று இரண்டு பக்கத்துச் சனத்தையும் ஒரே மாதிரித் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் எதையோ பிடித்து, அதைப் பார்ப்பதும் எங்கள் கேற்றிலுள்ள இலக்கத்தைப் பார்ப்பதுமாக வந்தார்.

"இந்த இலக்கம் இந்த வீடுதானே? தங்கச்சி, இது நீங்கள்தானே?" மகளின் முகத்துக்குப் பக்கத்தில் அட்டையைப் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தார். "நீங்கள்தான். பின் சீற்றுக்கு அடியில கிடந்தது. பஸ் கராஜில நிண்டது, அதுதான் உடன கொண்டுவரேலாமல் போச்சு. ஆரும் தேடி வருவினம் எண்டு முன்னுக்குப் பிள்ளையார் படத்தோட செருகி வைச்சிருந்தனான். சோதினைக்காலம், பிள்ளை பதறிப்போயிருக்கும் எண்டு மனிசிதான் இண்டைக்குக் குடுத்தே தீர வேணும் எண்டவள்."

மகள் இரண்டு கைகளாலும் அட்டையை வாங்கினாள். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு அக்கா சிலுவை அடையாளம் போட்டதைக் கண்டேன். "அந்தோனியாரே" என்று கூட்டத்தில் யாரோ மெதுவாகச் சொன்னார்கள். வீதிக்கு அந்தப் பக்கம் ஒருவன் காறித் துப்பினான். சீமெந்துக் கடைக்காரர் காதிலிருந்த கைபேசியை இறக்கினார். அதற்குள்ளிருந்து ஒரு குரல் ஹலோ, ஹலோ என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவர் பதில் சொல்லாமல் அணைத்தார்.

கண்டக்டர் அப்போதுதான் சுற்றிப் பார்த்தார். முன்னால் நிற்கிற சனத்தைப் பார்த்தார், வீதிக்கு அப்பால் நிற்கிற சனத்தைப் பார்த்தார், என் தலை முக்காட்டைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. பணப்பையை அக்குளுக்குள் ஒதுக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, எங்கள் வீட்டுக்குரிய சொல் எதுவென்று ஒரு கணம் யோசித்துக் கேட்டார்:

"என்னம்மா, இவ்வளவு சனம் நிக்குது? இஞ்ச ஆரும் செத்து… மவுத்தோ?"